டூ-வாப்: நல்ல பாட்டு எப்படியும் மேலே வந்துவிடுமா?

ஒரு வாசகர் கேட்டது, 1 பிப்ரவரி

டூ-வாப் என்கிறார்களே, அந்த 1950-களின் அமெரிக்கக் குரலிசைக் குழுக்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படிக்கிறேன். பிளாட்டர்ஸ், டிரிஃப்டர்ஸ் தவிர ஒரு பெயரும் எனக்குத் தெரியாது. மற்றவர்கள் சுமாராகப் பாடியிருப்பார்கள், மறந்துவிட்டார்கள், இதில் புலம்ப என்ன இருக்கிறது? நல்ல பாட்டு எப்படியும் மேலே வந்துவிடும். அபூர்வ இசைத்தட்டு என்று கொண்டாடுவது ஸ்டாம்ப் சேர்க்கிற பழக்கம், ரசனை இல்லை.

2 பிப்ரவரி, இரவு 10:15

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் படுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஹார்ப்டோன்ஸ்.

1953 கடைசியில் புரூஸ் என்ற குட்டி ரெக்கார்டு கம்பெனிக்கு அவர்கள் பாடிய 'எ சண்டே கைண்ட் ஆஃப் லவ்' கேளுங்கள். அவர்கள் எழுதிய பாட்டு இல்லை, 1946-லிருந்தே பலர் பாடி வந்தது. முன்குரல் பாடும் வில்லி வின்ஃபீல்ட் வாய் திறந்ததும் அந்தப் பலர் எல்லாம் ஒத்திகை பார்த்தவர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். பின்னால் நிற்கிற குரல்களை ரவுல் சீட்டா அடுக்கியிருக்கிற விதம் இருக்கிறதே, ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவில் காகிதம் நுழையாது. இந்தக் குழு பில்போர்ட் பத்திரிகையின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ், கறுப்பின இசை) ஹிட் பட்டியலில் ஒரு தடவைகூட ஏறவில்லை. சுமாராகப் பாடியதாலா?

2 பிப்ரவரி, 10:40

தூக்கம் போச்சு.

3 பிப்ரவரி

'ஹார்ப்டோன்ஸ் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு விதிவிலக்கு' என்கிறார் அந்த வாசகர். சரி, அடுத்த விதிவிலக்கு.

பிராங்க்ஸில் கார்ட்ஸ் என்று ஒரு குழு. 1954-ல் அட்லாண்டிக்கின் துணைக் கம்பெனியான கேட் 'ஷ்-பூம்' பாட்டை வெளியிட்டது. பொது ஹிட் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது, கறுப்பினக் குழு ஒன்றுக்கு அந்த வருஷத்தில் அது சின்ன விஷயம் இல்லை. சில வாரத்திலேயே க்ரூ கட்ஸ் என்ற வெள்ளைக்கார அமெரிக்கக் குழு அதே பாட்டைப் பாடி மெர்குரி கம்பெனி வழியாக முதலிடத்துக்குப் போய் வாரக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. ஆக, உங்கள் கணக்குப்படி நல்ல பாட்டு மேலே வந்தது. பாடியவர்கள் வரவில்லை.

இதோடு முடியவில்லை. கார்ட்ஸ் என்ற பெயரில் வேறொரு குழு ஏற்கெனவே இருந்ததாம். இவர்கள் கார்ட்கேட்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஊர் முழுக்க உங்கள் பாட்டு ஓடும்போது உங்கள் பெயர் மாறினால் கடையில் போய் எதைக் கேட்டு வாங்குவார்கள்?

3 பிப்ரவரி, பிற்பகல்

திருத்தம் 1: க்ரூ கட்ஸ் அமெரிக்கர்கள் இல்லை, டொராண்டோக்காரர்கள். எல்லாப் பழியையும் ஒரே நாட்டின் தலையில் போட்டுப் பழகிவிட்டது.

திருத்தம் 2, இது முக்கியம்: 'ஷ்-பூம்' முதலில் பி சைடு, அதாவது தட்டின் பின்பக்கம். ஏ சைடில் பாட்டி பேஜ் (Patti Page) என்ற பாடகி பாடிய ஒரு ஹிட் பாட்டை இந்தப் பையன்கள் திரும்பப் பாடியிருந்தார்கள். அதாவது அவர்களும் ஒரு வெள்ளைக்காரப் பாடகியின் பாட்டை எடுத்துத்தான் கடையைத் திறந்தார்கள். இது தெரிந்த பிறகு காலையில் வந்த கோபத்தில் கொஞ்சம் காற்று இறங்கியது. ஆனால் பாட்டி பேஜுக்கு இதனால் ஒரு காசு நஷ்டம் வந்திருக்காது. கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றில்லை.

5 பிப்ரவரி

'இந்தியாவில் பிறந்தவருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது' என்று கேட்டிருக்கிறீர்கள்.

1998-லிருந்து மூன்று வருஷம் நியூயார்க்கில் க்வீன்ஸ் பகுதியில், ஜமைக்காவில் குடியிருந்தேன். எஃப் ரயிலில் கடைசி ஸ்டேஷன், 179-ஆம் தெரு. பேஸ்மென்ட் வீடு, நாலு பேர், ஒரு கழிப்பறை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாம்பாரைக் கொதிக்க வைத்துவிட்டு ரேடியோவைத் திருப்பினால் 101.1-ல், டபிள்யூ-சிபிஎஸ்-எஃப்எம்மில், டான் கே. ரீட் 'டூ வாப் ஷாப்' நடத்திக்கொண்டிருப்பார். மறுநாள் ஆபீஸ் என்ற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வயிற்றுக் கலக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கவில்லை. நாகர்கோவில் நண்பன் முதலில் சிரித்தான். மூன்றாவது வாரம் பாஸ் (அடித்தொண்டை) குரலில் 'போம் போம்' என்று வெங்காயம் நறுக்கினான்.

ஒரு நாள் நாலு பேரும் பின்பக்கப் படிக்கட்டில் நின்று பாடிப் பார்த்தோம். அந்தக் காலத்துப் பையன்கள் எதிரொலிக்காகத்தான் மாடிப்படியிலும் சுரங்க ரயில் நடைபாதையிலும் பள்ளிக் கழிப்பறையிலும் நின்று பாடினார்கள். எங்கள் படிக்கட்டிலும் எதிரொலி நன்றாகத்தான் இருந்தது. நாங்கள்தான் இல்லை.

எங்கே விழுந்தோம் என்று விவரமாகச் சொல்கிறேன். டூ-வாப் பாட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து), 'ஐஸ்கிரீம் சேஞ்சஸ்' என்பார்கள்: சி, ஏ மைனர், எஃப், ஜி. நம் கணக்கில் சி-யை ஷட்ஜமாக வைத்து, பின்குரல் மூன்றும் பாடுவதைச் சங்கராபரண சுரங்களில் எழுதினால் இப்படி:

ச க ப
ச க த
ச ம த
நி ரி ப

முதல் வரியிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு ஆள் மட்டும் ஒரு படி ஏறுகிறான், ப-விலிருந்து த. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு வேறொரு ஆள், க-விலிருந்து ம. மற்றவர்கள் இருந்த இடத்திலேயே. நாலாவதில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கீழே இறங்க வேண்டும், ஆளுக்கொரு தூரம். நடுக்குரல் நான்: க, க, ம, ரி. முதல் மூன்று கார்டு ராஜா மாதிரி நிற்பேன். நாலாவதில் ரி-க்கு இறங்குவதற்குப் பதில் முன்னால் பாடுகிறவன் எங்கே போகிறானோ அங்கே ஒட்டிக்கொண்டு போய்விடுவேன். ஒவ்வொரு தடவையும். சின்ன வயதில் பஜனை மடத்தில் உட்கார்ந்த காது, சுருதி சேர்ந்தால் எல்லாரும் ஒரே இடத்துக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறது. பக்கத்தில் இருப்பவனோடு ஒட்டாமல், ஆனால் அவனுக்காக நிற்பது எனக்கு வரவே இல்லை.

15, 16 வயதுப் பையன்கள் நோட்டு எழுதத் தெரியாமல், பியானோ இல்லாமல், இதைத் தெருமுனையில் செய்தார்கள்.

5 பிப்ரவரி, இரவு

'பின்குரல்கள் பாடுகிற ஷூ-டூ ஷூபி டூவுக்கு என்ன அர்த்தம்' என்று கேட்பவர்களுக்கு: தில்லானாவில் தீம் தனனவுக்கு என்ன அர்த்தமோ அதுதான்.

6 பிப்ரவரி

நேற்று எழுதிய தில்லானா உவமை பாதிதான் சரி. தில்லானாச் சொல்லில் தாளம் முன்னால் நிற்கிறது. இங்கே அந்தச் சத்தங்கள் வாத்தியம் இல்லாத குறையை நிரப்ப வந்தவை. பாஸ் 'டூம்' என்றால் அது டபுள் பாஸ். 'வா' என்று வாயைத் திறந்து மூடினால் டிரம்பெட்டின் மூடி. சொந்தமாக பேண்டு வைத்துக்கொள்ளக் காசில்லாதவர்கள் பேண்டையே வாயில் வைத்துக்கொண்டார்கள்.

டூ-வாப் என்ற பெயரும் அப்போது இல்லை. பாடியவர்களுக்கு அது ஆர் அண்ட் பி, இல்லாவிட்டால் வெறும் குரூப் ஹார்மனி. 1960-களில்தான் இந்தப் பெயர் ஒட்டியது. டர்பன்ஸ் என்ற பிலடெல்பியா குழு 1955-லேயே 'வென் யூ டான்ஸ்' பாட்டில் அந்தச் சத்தத்தைப் பாடியிருக்கிறது, தலையில் தலைப்பாகையோடு.

8 பிப்ரவரி

இப்போது அபூர்வத் தட்டு விவகாரம். ஸ்டாம்ப் என்றீர்கள் இல்லையா.

ஃபைவ் ஷார்ப்ஸ். நான் குடியிருந்த அதே ஜமைக்காவைச் சேர்ந்த பையன்கள். ரொனால்ட் கஃபி முன்குரல். 1952-ல் ஜூபிலி கம்பெனிக்கு 'ஸ்டார்மி வெதர்' பாடினார்கள். ஹரால்ட் ஆர்லன் 1933-ல் இசையமைத்த பழைய பாட்டு. முதலில் இடி இடிக்கும், மழை கொட்டும், அதற்குள்ளிருந்து மெதுவாகக் குரல்கள் வரும். பாடியதற்குக் கூலியாக ஹாட் டாக்கும் சோடாவும் கிடைத்ததாகச் சொல்வார்கள். தட்டு விற்கவில்லை. அத்தோடு அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும்.

ஒன்பது வருஷம் கழித்து, 42-ஆம் தெருவில் சுரங்க ரயில் நிலையத்துக்குள் டைம்ஸ் ஸ்கொயர் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு கடை. நடத்தியவர் இர்விங் ரோஸ், எல்லாரும் ஸ்லிம் என்று கூப்பிடுவார்கள். பழைய குழுக்களின் தட்டுகளைத் தேடி பள்ளிப் பையன்கள் அங்கே மொய்த்தார்கள். ஒரு சேகரிப்பாளர் இந்த 'ஸ்டார்மி வெதர்' 78 தட்டை (நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய வகை) கொண்டுவர, ஸ்லிம் அதை ரேடியோவில் போட்டுக் காட்டுவதற்காக இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுப்பதற்குள் அது உடைந்துபோனது. கடையில் ஸ்லிம் வளர்த்த ரக்கூன் அதன் மேல் உட்கார்ந்துவிட்டது என்பது நிலைத்துவிட்ட கதை. ரக்கூன் தரப்பை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பிரதி கொண்டுவந்தால் இவ்வளவு பணம் என்று ஸ்லிம் கடையில் எழுதிப்போட்டார். யாரும் கொண்டுவரவில்லை. தொகை ஏறியது. ஜூபிலியில் மூல ஒலிப்பதிவும் காணோம். 1964-ல் அதே கம்பெனி வேறு பையன்களைக் கூப்பிட்டு, அதே குழுப் பெயரில், அதே பாட்டைப் புதிதாகப் பாடவைத்து 45 சுற்றுத் தட்டாக வெளியிட்டது! 1970-களில் விரிசல் விட்ட ஒரு தட்டு அகப்பட்டது. 1977-ல் முழுசாக ஒன்று, கிட்டத்தட்ட 4,000 டாலருக்குப் போனது. 1952-ல் வந்த 45 ஒன்றுகூட இன்றுவரை வெளிப்படவில்லை.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. 2000-ல் லாங் ஐலண்ட் பக்கம் ஒரு சந்தையில் அட்டைப்பெட்டிக்குள் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜூபிலி, ஃபைவ் ஷார்ப்ஸ், 'ஸ்டார்மி வெதர்', 45. கை வியர்த்துவிட்டது. வியாபாரி 8 டாலர் என்றார். நான் 5 என்றேன், பேரம் பேசாவிட்டால் சந்தேகப்படுவாரோ என்று. ஆறுக்கு முடிந்தது. ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் ஊரில் வாங்கப்போகிற மனைக்கு எல்லை அளந்துகொண்டிருந்தேன். அடுத்த மாதம் ஒரு ரெக்கார்டு கண்காட்சியில் பெரியவர் ஒருவர் உறையிலிருந்து பாதி எடுத்ததுமே உள்ளே தள்ளிவிட்டார். '64' என்றார், அவ்வளவுதான். அசலாக இருந்தால் 78-ஆக இருந்திருக்கும் தம்பி என்கிற மாதிரி ஒரு பார்வை.

ஆறு டாலர் கொடுத்து போலிப் பெயரில் வந்த அசல் தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது.

8 பிப்ரவரி, நள்ளிரவு

'அதெல்லாம் சரி, பாட்டு எப்படி' என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி வந்துவிடக்கூடாது என்று பார்த்தேன்.

சுமார்தான். வேகம் இழுக்கிறது, முன்குரல் சில இடத்தில் தயங்குகிறது. அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும், மழைக்கு ஒதுங்கிய பையன் தானாகப் பாடிக்கொள்கிற மாதிரி. ஆனால் ஹார்ப்டோன்ஸ் பக்கத்தில் வைக்க மாட்டேன். இந்த இழையில் உங்களுக்கு ஒரு புள்ளி.

9 பிப்ரவரி

கொடுத்த புள்ளியில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஃபைவ் ஷார்ப்ஸில் பின்குரல் பாடிய கிளாரன்ஸ் பாஸெட் பிறகு என்ன ஆனார்? 1958-ல் அவரும் கஃபியும் வீடியோஸ் என்ற குழுவில் 'ட்ரிக்கிள் ட்ரிக்கிள்' பாடினார்கள். 1961-ல் பாஸெட் 'ஷெப் அண்ட் த லைம்லைட்ஸ்' மூவரில் ஒருவர். 'டேடி'ஸ் ஹோம்' இரண்டாமிடம் வரை போனது. 1952-ல் யாருக்கும் வேண்டாத அதே தொண்டை. கஃபிக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். கேப்ரிஸ், இதுவும் க்வீன்ஸ் குழு, இத்தாலியக் குடும்பத்துப் பையன்கள். 1958-ல் 'தேர்'ஸ் எ மூன் அவுட் டுநைட்' பதிவாகி, ஒன்றும் ஆகாமல், குழுவே கலைந்துவிட்டது. 1960 கடைசியில் ஸ்லிம் கடையில் வேலை பார்த்த இளைஞன் அதைத் தேடி எடுத்து மறுபடி அச்சடித்தான். ஓல்டு டவுன் கம்பெனி கைக்குப் போனது, 1961-ல் மூன்றாமிடம், கலைந்தவர்கள் திரும்பக் கூடினார்கள். நல்ல பாட்டு மேலே வந்ததா? வந்தது. ஆனால் தானாக வரவில்லை. சுரங்கப்பாதைக் கடையில் ஒரு பையன் அதை மேலே தூக்கினான். நீங்கள் ஸ்டாம்ப் என்று சொன்ன பழக்கம்தான் தூக்கியது.

10 பிப்ரவரி

ஃபைவ் சாட்டின்ஸ் குழுவை நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள், உங்களுக்குச் சாதகமாக. நியாயம்தான். கனெக்டிகட்டில் நியூ ஹேவன் நகரில் செயின்ட் பெர்னடெட் தேவாலயத்தின் நிலவறையில் 1956-ல் பதிவான 'இன் த ஸ்டில் ஆஃப் த நைட்' அப்போது 24-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதை எழுதிப் பாடிய ஃப்ரெட் பாரிஸ், பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ராணுவத்தில், ஜப்பானில் இருந்தார். நான் ரேடியோ கேட்ட காலத்தில் டபிள்யூ-சிபிஎஸ் வருஷா வருஷம் நடத்திய 500 பாட்டு வரிசையில் அதுதான் வழக்கமாக முதலில் வரும். 24-லிருந்து ஒன்றுக்கு. ஒப்புக்கொள்கிறேன். பாரிஸ் அந்த நாற்பது வருஷத்தைத் திரும்பக் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள் என்பது வேறு இழை.

10 பிப்ரவரி, மாலை

ஒரு வாசகி: 'ஒன்பது நாளாகப் பையன்கள், பையன்கள். பெண்களே பாடவில்லையா?'

குட்டு சரியான இடத்தில் விழுந்தது. சாண்டெல்ஸ். பிராங்க்ஸில் பாதுவா அந்தோணியார் பள்ளியில் பாடகர் குழுவிலிருந்த ஐந்து பெண்கள். லத்தீன் வழிபாட்டுப் பாடல்களில் பழகிய குரல்கள். 'மேபீ' பாட்டின் முதல் இரண்டு விநாடி: ஆர்லீன் ஸ்மித், 16 வயது, எதற்கும் கெஞ்சாத குரலில் கெஞ்சுகிறாள். 1958-ல் 15-ஆம் இடம். நான் படிக்கட்டில் செய்யத் தெரியாததை இவர்களுக்குக் கன்னியாஸ்திரீகள் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார்கள். ஒட்டாமல், ஒருத்திக்காக ஒருத்தி நிற்பது.

11 பிப்ரவரி

மழைப் பாட்டு என்றதும் இன்னொன்று. பிரிசனேர்ஸ். பெயரே சொல்லும்: நாஷ்வில்லில் டென்னசி மாநிலச் சிறைக் கைதிகள் ஐந்து பேர். 1953 ஜூன் 1 அன்று ஆயுதக் காவலோடு மெம்ஃபிஸுக்குக் கூட்டிப்போய் சாம் ஃபிலிப்ஸின் சன் ஸ்டுடியோவில் 'ஜஸ்ட் வாக்கிங் இன் த ரெய்ன்' பதிவு செய்தார்கள். சிறை முற்றத்தில் மழையில் நடக்கும்போது ஜானி பிராகும் ராபர்ட் ரைலியும் சேர்ந்து உண்டாக்கிய பாட்டு. எல்விஸ் அந்த ஸ்டுடியோவிலிருந்து தட்டு வெளியிட இன்னும் ஒரு வருஷம் இருந்தது. 1956-ல் ஜானி ரே அதே பாட்டைப் பாடி அமெரிக்காவில் இரண்டாமிடம், பிரிட்டனில் முதலிடம். பிராக் அதைச் சிறைக்குள்ளிருந்து கேட்டார்.

முதலில் இதை நெகிழ்ச்சியான கதையாக எழுதி முடித்திருந்தேன். அழித்துவிட்டேன். பிராக் பதின்வயதில், 1943-ல், ஆறு பாலியல் வன்கொடுமை வழக்குகளில் வழக்குக்கு 99 வருஷம் என்று தண்டனை பெற்றவர். குற்றத்தை மறுத்தார். கறுப்பினப் பையனுக்கு அந்தக் காலத் தென்மாநில நீதிமன்றம் எப்படி நடந்திருக்கும் என்று தெரியும். அந்தப் பெண்களும் நிஜம். 1959-ல் ஆளுநர் ஃப்ராங்க் கிளெமென்ட் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். அந்த டெனர் குரலை நான் இன்றும் கேட்கிறேன், கேட்டு முடித்ததும் உடனே அடுத்த பாட்டைப் போட்டுவிடுகிறேன். இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

12 பிப்ரவரி

பெயர்கள் பற்றி ஒரு சின்னச் சிரிப்பு. ரேவன்ஸ், ஓரியோல்ஸ், கார்டினல்ஸ், ஃபிளமிங்கோஸ், ஸ்வாலோஸ், க்ரோஸ், பெங்குவின்ஸ்: வேடந்தாங்கல். பறவை தீர்ந்ததும் கார்: கேடிலாக்ஸ், எல் டொராடோஸ், இம்பாலாஸ். காக்கைகள் பாடிய 'ஜீ' ஓடியதும் தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னர் புதுக் கம்பெனிக்கு ஜீ என்றே பெயர் வைத்தார். அந்தக் கம்பெனி வழியாகத்தான் 1956-ல் ஃப்ராங்கி லைமனும் டீனேஜர்ஸும் பாடிய 'வொய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' வந்தது.

அதை எழுதியது தாங்கள் என்று டீனேஜர்ஸில் இருந்த ஹெர்மன் சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் வழக்குப் போட்டு 1992-ல் ஜெயித்தார்கள். 1996-ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். மூன்று வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். 1950-களில் பள்ளிக்கூடம் போன பையன்கள், வக்கீல் வைத்து.

16 பிப்ரவரி

நாகர்கோவில் நண்பனுக்கு இந்த இழையை அனுப்பியிருந்தேன். நேற்று ராத்திரி போன் பண்ணினான். ஹலோ இல்லை, நலமா இல்லை. எடுத்ததும் 'டூம், டூம்' என்று பாஸ் பிடித்தான்: ச, த, ம, ப. கால் நூற்றாண்டு கழித்தும் அசையவில்லை. நானும் சேர்ந்தேன். க. க. ம.

சிரித்தே போனை வைத்துவிட்டான்.

17 பிப்ரவரி

8-ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு சேர்க்கை. ஃபைவ் ஷார்ப்ஸை ஹெட்ஃபோனில் மறுபடி கேட்டேன். தேய்ந்த 78-லிருந்து எடுத்த ஒலி என்பதால் தொடக்கத்தில் கேட்கிற சலசலப்பில் மழை எது, கீறல் எது என்று பிரிக்க முடியவில்லை. பாட்டு ஆரம்பித்த பிறகும் அது நிற்கவில்லை. அப்போது அது கீறலாகத்தான் இருக்க வேண்டும்.

அல்லது மழையை நிறுத்த மறந்துவிட்டார்கள்.